சுவிட்சை மாற்றுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை

கேள்வி: யாழ்ப்பாண நகரில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் முகாமையாளராக இருக்கிறேன். கீழ்த்தளத்தில் 11 கணனிகள், மேல்மாடியில் 7. கீழே கணனிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வேர்க் சுவிட்ச் ஒன்று, 24 போர்ட் (கேபிள் பூட்டும் துவாரம்), கிகாபிட் வேகம், வாங்கி 6 வருடம். சேர்வரும் கமரா ரெக்கோர்டரும் அதிலேதான் பூட்டியிருக்கின்றன. மேல்மாடியில் அலுமாரிக்கு மேலே 16 போர்ட் சின்னச் சுவிட்ச் ஒன்று கிடக்கிறது, எப்போது வாங்கியது என்று ஒருவருக்கும் தெரியாது. மேல்மாடிக் கணனிகளும் 6 கமராக்களும் அதில் சேர்ந்து, ஒரே கேபிளில் கீழே வருகின்றன. பின்வளவில் உள்ள ஆவண அறைக்கும் வெளியால் ஒரு கேபிள் போகிறது. பிற்பகல் 2 மணிக்குப் பிறகு மேல்மாடியில் கோப்பு திறக்க நேரம் எடுக்கிறது, சேமிப்பது அதைவிட மோசம். காலையில் பாதிப்பேர் வாடிக்கையாளர்களிடம் போய்விடுவதால் முறைப்பாடு குறைவு. கடைக்காரர் "பெரிய சுவிட்ச் பழசு, மாற்றவேணும்" என்று கொட்டேசன் தந்துவிட்டார். உரிமையாளரோ, "சுவிட்ச்தான் பிழை என்று காட்டு, காசு தாறன்" என்கிறார். சுவிட்சின் வேகத்தை நாங்களே சோதிக்க முடியுமா?

பதில்: முடியும். இரண்டு லப்டொப், மூன்று நல்ல கேபிள், ஆட்கள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருந்தால் போதும். உங்கள் உரிமையாளர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். பத்து அலுவலகங்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமலே புதுச் சுவிட்ச் வாங்கி, பழைய பிரச்சினையை அதில் பூட்டி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கோப்பு சேர்வரிலிருந்து மேசைக்கு வரும் வழியில் எத்தனை சாமான்கள் இருக்கின்றன என்று பாருங்கள். சேர்வரின் ஹார்ட் டிஸ்க், அதன் நெட்வேர்க் கார்ட், கேபிள், பெரிய சுவிட்ச், மாடிக்குப் போகும் கேபிள், சின்னச் சுவிட்ச், சுவர் சொக்கெட், கடைசியில் கணனி. முழு வழியையும் ஒன்றாக அளந்து பார்த்துவிட்டுப் பெரிய சுவிட்சின் தலையில் பழியைப் போட முடியாது. முதலில் சுவிட்ச் இல்லாமல் ஒரு அளவு எடுங்கள், அப்புறம் சுவிட்சை நடுவில் வைத்து இன்னொரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சுவிட்சின் கணக்கு. நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு யோசனையை வைத்துத்தான்.

அளக்க "ஐபெர்ஃப்3" (iperf3) என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். இது ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. ஒரு கணனியின் நினைவகத்திலிருந்து மற்றக் கணனியின் நினைவகத்துக்கு வெறும் தரவை முடிந்தவரை வேகமாகத் தள்ளி, வினாடிக்கு எத்தனை மெகாபிட் போனது என்று சொல்லும். கோப்பைக் கொப்பி பண்ணிப் பார்த்து வேகம் அளந்தால் டிஸ்க்கின் குறையும் சுவிட்சின் குறையும் கலந்துவிடும். இதில் அது கலக்காது.

லப்டொப் விஷயத்தில் ஒரு கவனம் வேண்டும். மெல்லிய லப்டொப்களில் இப்போது கேபிள் பூட்டும் இடமே இருப்பதில்லை, யூஎஸ்பி அடப்டர் போட வேண்டும். அது யூஎஸ்பி 3 ஆக இருக்கட்டும். யூஎஸ்பி 2இன் உச்சமே 480 மெகாபிட், அதுவும் முழுதாகக் கிடைக்காது. அப்படி ஒரு அடப்டரைப் பூட்டிவிட்டு 300 மெகாபிட் காட்டுகிறதே என்று சுவிட்சைத் திட்டக்கூடாது. இரண்டு லப்டொப்பிலும் வைஃபையை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் தரவு கேபிளை விட்டுக் காற்றில் போய், நீங்கள் வேறெதையோ அளந்துகொண்டிருப்பீர்கள்.

சரி, முதல் அளவு. இரண்டு லப்டொப்பையும் ஒரே கேபிளால் நேராகப் பூட்டுங்கள். முந்தி இதற்குக் குறுக்குக் கேபிள் என்று தனியாக ஒன்று வேண்டும், கிகாபிட் கார்டுகளுக்குச் சாதாரணக் கேபிளே போதும். ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதுக்கு 192.168.50.2 என்று ஐபி முகவரியைக் கையால் கொடுங்கள், இரண்டிலும் மாஸ்க் 255.255.255.0. முதலாவதில் ஐபெர்ஃப்3ஐச் சேர்வராக ஓட விடுங்கள் (பெயருக்குப் பின் ஒரு இடைவெளி, கழித்தல் குறி, சிறிய எஸ் எழுத்து). மற்றதில் கழித்தல் குறி, சிறிய சி, அப்புறம் முதலாவதின் முகவரி. விண்டோஸ் ஃபயர்வோல் அனுமதி கேட்டால் பிரைவேட், பப்ளிக் இரண்டுக்கும் கொடுங்கள், சோதனை முடிந்ததும் எடுத்துவிடலாம். வழமையாக 10 வினாடி மட்டும் ஓடும், கழித்தல் டி 60 (-t 60) என்று சேர்த்து ஒரு நிமிடம் ஓட விடுங்கள். பெரிய ஆர் எழுத்தைக் கழித்தல் குறியோடு சேர்த்தால் தரவு எதிர்த்திசையில் ஓடும். இரண்டு திசையையும் அளந்து, மூன்று முறை செய்து, எண்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் 941க்கும் 949க்கும் இடையில் ஒரு எண் வரும். ஒரு கிகாபிட் என்றால் 1000 மெகாபிட், ஏன் 1000 வரவில்லை என்று முழிக்க வேண்டாம். தரவு சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் போகும். ஒவ்வொரு பொதியும் கேபிளில் 1538 பைட் இடத்தைப் பிடிக்கிறது, அதில் நம்முடைய தரவு 1448 அல்லது 1460 பைட்தான். மிச்சம் முகவரி, சரிபார்ப்பு, பொதிக்கும் பொதிக்கும் இடையில் விடவேண்டிய இடைவெளி. 1448ஐ 1538ஆல் பிரித்தால் 94.1 சதவீதம். ஒரு கிகாபிட் கேபிள் தரக்கூடிய உச்சம் அவ்வளவுதான். விண்டோஸில் 900க்குக் கீழே நின்றால் கழித்தல் குறியோடு பெரிய பி எழுத்தும் 4ம் (-P 4) சேர்த்து நான்கு ஓட்டங்களாக அனுப்பிப் பாருங்கள், பெரும்பாலும் ஏறிவிடும்.

இரண்டாவது அளவு. பெரிய சுவிட்சிலிருந்து எல்லாக் கேபிளையும் கழற்றுங்கள். கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்து, ஒவ்வொரு கேபிளிலும் இலக்கத் துண்டு ஒட்டுங்கள், திங்கட்கிழமை காலை நீங்களே உங்களுக்கு நன்றி சொல்வீர்கள். அப்புறம் அதே இரண்டு லப்டொப்பையும் சுவிட்ச் வழியாகப் பூட்டி அதே சோதனையை ஓட்டுங்கள். எண் நேர்க் கேபிளில் வந்ததுக்குச் சமமாகவே வர வேண்டும். நேரே 941 வந்து சுவிட்ச் வழியாக 939 வந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். 700 வந்தால் போர்ட்டை மாற்றிப் பாருங்கள், கேபிளை மாற்றிப் பாருங்கள். எந்தப் போர்ட், எந்தக் கேபிள் என்றாலும் 700தான் என்றால் கடைக்காரர் சொன்னது சரி, புதுச் சுவிட்சுக்குக் காசு கேட்கலாம். ஆனால் அப்படி நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 24 போர்ட் கிகாபிட் சுவிட்சின் உள்ளே இருக்கும் சிப், தரவை அனுப்புவதற்கென்றே செய்தது. அது செத்துப்போகலாம், ஆனால் வயதுபோய் மெல்ல நடக்கத் தொடங்குவதை இத்தனை வருடத்தில் நான் கண்டதில்லை.

அந்தச் சிப்பின் பலம் பெட்டியிலோ விவரத்தாளிலோ எழுதியிருக்கும், ஒருமுறை பாருங்கள். 24 போர்ட் கிகாபிட் என்றால் 48 கிகாபிட், வினாடிக்கு 35.7 மில்லியன் பொதி என்று இருந்தால் குறையொன்றும் இல்லை. முதல் எண் 24 போர்ட்டும் இரண்டு திசையிலும் முழு வேகத்தில் ஓடுவதற்கானது. இரண்டாவது எண் மிகச் சிறிய பொதிகளுக்கானது: 64 பைட் பொதி கேபிளில் 84 பைட் இடம் பிடிக்கும், ஆகவே ஒரு கிகாபிட்டில் வினாடிக்கு 14,88,095 பொதிகள், அதை 24ஆல் பெருக்கினால் 35.7 மில்லியன். இதை உண்மையாகவே சோதிப்பதற்கு 1999இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2544 என்ற முறையும் அதற்கென்று விலை கூடிய கருவிகளும் இருக்கின்றன. 18 கணனி உள்ள அலுவலகத்துக்கு அது வேண்டாம். இரண்டு சோடி கணனிகளை ஒரே நேரத்தில் ஓட விட்டு, இரண்டு சோடிக்கும் தனித்தனியே 940 வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இனி, அடிக்கடி ஆட்களை ஏமாற்றுகிற ஒரு சோதனை. இரண்டு கணனிகள் ஒரே சேர்வருக்கு ஒரே நேரத்தில் அனுப்பட்டும். (ஐபெர்ஃப்3 ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டும்தான் கதைக்கும், ஆகவே சேர்வரில் அதை இரண்டு வேறு போர்ட் இலக்கங்களில் இரண்டு முறை திறக்க வேண்டும். இது மென்பொருளின் இலக்கம், சுவிட்சில் கேபிள் பூட்டும் போர்ட் இல்லை.) ஒவ்வொன்றுக்கும் 470 அளவில் வரும். உடனே "பார்த்தீர்களா, பாதியாகிவிட்டது" என்று யாராவது சொல்லக்கூடும். சேர்வரிலிருந்து சுவிட்சுக்கு வருவது ஒரே ஒரு கிகாபிட் கேபிள். இரண்டு பேர் கேட்டால் இரண்டாகப் பிரியும், பத்துப் பேர் கேட்டால் பத்தாகப் பிரியும். இந்தச் சுவிட்சைக் கழற்றி இதைவிட மூன்று மடங்கு விலையான கிகாபிட் சுவிட்சை வைத்தாலும் அதே 470தான். அந்த இடம்தான் நெருக்கடி என்றால் சேர்வருக்கு இரண்டு கேபிள் இழுத்து ஒன்றாக இணைக்கலாம், சுவிட்சும் சேர்வரும் அதற்கு இடம் கொடுப்பவையாக இருந்தால்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ஒவ்வொரு முறையும் என் கண் போய் நின்றது மேல்மாடி அலுமாரியில்தான். கீழே இருக்கிற 11 பேரும் அதே பெரிய சுவிட்சில் இருக்கிறார்கள், அவர்கள் முறையிடவில்லை. எப்போது வாங்கியது என்று தெரியாத 16 போர்ட் பெட்டி பெரும்பாலும் 100 மெகாபிட் காலத்துப் பெட்டியாக இருக்கும். ஒரு லப்டொப்பைக் கீழே பெரிய சுவிட்சிலும் மற்றதை மேலே ஒரு சுவர் சொக்கெட்டிலும் பூட்டி ஐபெர்ஃப்3 ஓட்டுங்கள். 94 என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், வழியில் எங்கோ 100 மெகாபிட் கதவு ஒன்று இருக்கிறது. 941க்கு என்ன கணக்கோ 94க்கும் அதே கணக்கு.

94ஐ வைத்துப் பிற்பகலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கமரா 4 மெகாபிட் என்று வைத்தால் ஆறும் 24 மெகாபிட், அது இரவு பகலாக மேலிருந்து கீழே ரெக்கோர்டருக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. மிச்சம் 70. ஏழு பேரும் ஒரே நேரத்தில் கோப்பைச் சேமித்தால் ஆளுக்கு 10 மெகாபிட், அதாவது வினாடிக்கு ஒன்றேகால் மெகாபைட் (8 பிட் ஒரு பைட்). 50 மெகாபைட் கோப்புக்கு 40 வினாடி. காலையில் ஒருவர் மட்டும் இருந்தால் அதே கோப்புக்கு 6 வினாடி. கேபிளில் இரண்டு திசையும் தனித்தனிப் பாதை என்பதால், கமராத் தரவு கீழே போகும் பாதையை, அதாவது சேமிக்கும் பாதையை, மட்டும் நெருக்குகிறது. திறப்பதைவிடச் சேமிப்பது மோசம் என்று நீங்கள் எழுதியது இதனோடு பொருந்துகிறது. அந்த ஒரு வரியை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனாலும் 94 வந்தவுடன் சின்னப் பெட்டியைக் குப்பையில் போடவேண்டாம். கிகாபிட் ஓட கேபிளின் உள்ளே இருக்கும் நான்கு சோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். ஒரு சோடி அறுந்தாலோ, சொக்கெட்டில் சரியாக அழுத்துப்படாமல் இருந்தாலோ, பல சாமான்கள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடும். கொக்குவில் பக்கம் ஒரு அலுவலகத்தில் இரண்டு முறை சுவிட்ச் மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சுவர் சொக்கெட்டைக் கழற்றினால் மண்ணிறச் சோடியில் ஒரு கம்பி வெளியே நின்றது. அழுத்திவிட்டு வந்தேன், 5 நிமிட வேலை. ஆகவே பெரிய சுவிட்சையும் சின்னப் பெட்டியையும் இணைக்கும் அந்த ஒற்றைக் கேபிளின் மேல்முனையில் ஒரு லப்டொப்பை நேராகப் பூட்டிப் பாருங்கள். அங்கே 941 வந்தால் கேபிள் நல்லது, குறை பெட்டியில். அங்கேயும் 94 என்றால் கேபிளையும் அதன் இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும். புதுக் கேபிள் இழுப்பதானால் முழுச் செம்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள் விலை குறைவு, ஆனால் வளைத்தால் ஒடியும், தடையும் கூட.

94ம் இல்லாமல் 941ம் இல்லாமல், ஒரு முறை 200, அடுத்த முறை 15, ஒரு திசையில் நன்றாகவும் மறுதிசையில் படுமோசமாகவும் வந்தால் அது வேறு நோய். ஒரு பக்கம் யாரோ வேகத்தையும் டூப்ளெக்ஸையும் (இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்புவதா, மாறி மாறி அனுப்புவதா என்ற தெரிவு) கையால் பூட்டி வைத்து, மறுபக்கம் தானியங்கியாக விட்டிருக்கலாம். அல்லது பொதிகள் சேதமடைந்து திரும்பத் திரும்ப அனுப்பப்படுகின்றன. உங்கள் பெரிய சுவிட்சுக்கு வெப் பக்கம் இருந்தால் உள்ளே போய் ஒவ்வொரு போர்ட்டின் சிஆர்சி பிழை எண்ணிக்கையை, அதாவது சேதமடைந்து வந்த பொதிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பூச்சியத்துக்கு மாற்றிவிட்டு ஒரு நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஒரு போர்ட்டில் மட்டும் ஏறிக்கொண்டு போனால், அந்தக் கேபிளை வேறு போர்ட்டில் போடுங்கள். பிழை கேபிளோடு இடம் மாறினால் குறை கேபிளில் அல்லது அதன் மறுமுனையில், பழைய போர்ட்டிலேயே நின்றால் போர்ட்டில். வெப் பக்கம் இல்லாத சுவிட்ச் என்றால் விண்டோஸ் கணனிப் பக்கம் நெட்ஸ்டாட் கட்டளையைக் கழித்தல் இ உடன் (netstat -e) ஓட்டினால் அங்கேயும் பிழை எண்ணிக்கை தெரியும்.

பிங் சோதனையும் செய்யலாம், ஒரு சின்னப் பொதியை அனுப்பி அதன் பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்ப்பதுதான் அது. மேலிருந்து சேர்வருக்கு 1000 பிங் விடுங்கள். ஒன்றுகூடத் தொலையக்கூடாது, ஒவ்வொன்றும் 1 மில்லிவினாடிக்குக் கீழே இருக்க வேண்டும். இதை ஞாயிறு காலை ஒருமுறையும், திங்கள் பிற்பகல் 3 மணிக்கு எல்லோரும் வேலை செய்யும்போது இன்னொரு முறையும் செய்து ஒப்பிடுங்கள்.

எல்லா எண்ணும் நன்றாக வந்து, கோப்பு மட்டும் இன்னும் மெதுவாகத் திறந்தால் சேர்வரைப் பாருங்கள். கிகாபிட் கேபிளில் பெரிய கோப்பு ஒன்றைக் கொப்பி பண்ணினால் வினாடிக்கு 110 மெகாபைட் அளவில் வரும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், 18 பேர் ஆளுக்கொரு சின்னக் கோப்பைக் கேட்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தராமல் போகலாம். அங்கே எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) போடுகிற காசு எந்தச் சுவிட்சிலும் போடுகிற காசைவிடப் பயன்.

சுவிட்சை மாற்றியே ஆகவேண்டிய நிலைமைகளும் உண்டு. தானாக நின்று தானாகத் தொடங்குவது, போர்ட்டுகள் ஒவ்வொன்றாகச் சாவது, தொட்டால் கை சுடுவது. அப்போதும் முதலில் அதன் பவர் அடப்டரை மாற்றிப் பாருங்கள், வெளியே அடப்டர் உள்ள சின்னப் பெட்டிகளில் பல நேரம் அதுதான் பழுது. சின்ன அலுவலகச் சுவிட்சுகள் பலவற்றுக்கு 40 பாகை வரைதான் சூடு தாங்கும் என்று எழுதியிருக்கும். சித்திரை வெய்யிலில், சீட் கூரைக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, அந்த 40ஐத் தாண்டுவது பெரிய காரியமில்லை. உங்கள் மேல்மாடிப் பெட்டிக்குப் பதில் கிகாபிட் பெட்டி வாங்கினாலும் அதைக் கீழே இறக்கி, காற்றுப் படும் இடத்தில், யூபிஎஸ்ஸோடு பூட்டுங்கள். 16 போர்ட் கிகாபிட் சுவிட்ச், கடைக்காரர் கொட்டேசன் போட்ட 24 போர்ட் சுவிட்சைவிட மலிவாகவே இருக்கும்.

பின்வளவு ஆவண அறைக்கு வெளியால் போகும் கேபிளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. ஐப்பசியில் இங்கே பின்னேரங்களில் விழும் இடியில் இப்படி இரண்டு கட்டடங்களை இணைக்கிற செம்புக் கேபிள் வழியாகத்தான் சுவிட்சுகள் அதிகம் எரிகின்றன. கேபிளிலேயே இடி விழவேண்டும் என்றில்லை, பக்கத்துப் பனையில் விழுந்தாலே போதும். சில நேரம் முழுதாக எரியாமல் இரண்டு மூன்று போர்ட் மட்டும் பாதி உயிரோடு நின்று, மாதக்கணக்கில் காரணம் தெரியாத தொந்தரவு கொடுக்கும். அதனால் ஞாயிறு சோதனையில் அந்தக் கேபிள் வரும் போர்ட்டையும் அதன் இரண்டு பக்கத்துப் போர்ட்டுகளையும் தனியாக அளந்து எழுதுங்கள். அந்த இணைப்புக்கு ஃபைபர் போட உரிமையாளரிடம் கேளுங்கள், கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது. ஃபைபர் வரும்வரை மழைக்காலத்தில் அலுவலகம் பூட்டும்போது அந்தக் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். இடி கேட்கத் தொடங்கிய பிறகு ஒருவரும் அதைத் தொடவேண்டாம்.